குரல் உடைந்த பிறகு

சிகாகோ நகரத்தில் ரீகல் தியேட்டர். மேடையில் ஒரு நீக்ரோ சிறுவன் நிற்கிறான் என்றுதான் அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எழுதின. கறுப்பினச் சிறுவன் என்று எழுதுவதே முறை. அவனுக்கு வயது 12. கண் பார்வை கிடையாது.

முதலில் போங்கோ என்ற சின்னஞ்சிறு மத்தளத்தைத் தட்டினான். பிறகு மவுத் ஆர்கனை எடுத்து ஊதினான். கூட்டம் கூச்சல் போட்டது. பாட்டு முடிந்தது. அவனை மேடையை விட்டு அழைத்துப் போகவேண்டும். அடுத்து ஒரு பாடகியின் கச்சேரி. அவருக்கு வாசிக்கும் ஆட்கள் மேடை ஏறத் தொடங்கிவிட்டார்கள்.

பையன் போகவில்லை! திரும்பவும் மவுத் ஆர்கனை வாயில் வைத்தான். அப்போதுதான் வந்து நின்ற வாத்தியக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தச் சுருதியில் வாசிப்பது என்று கேட்டுக் கத்தினார்.

அந்தக் கத்தலும் ரிகார்டில் பதிந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் அதை வெட்டி எறியவில்லை. அப்படியே தட்டில் விட்டார்கள்.

ஆனால் வேறொன்றை வெட்டினார்கள். பாட்டு நீளமானது. சின்ன இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிஷம்தான் வழக்கம். எனவே பாட்டை இரண்டு துண்டாக்கி, தட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று போட்டார்கள். மேடையை விட்டுப் போகாமல் அடம் பிடித்த அந்த இரண்டாவது துண்டுதான் ஜனங்களுக்குப் பிடித்தது.

1963 ஆகஸ்டில் அமெரிக்காவில் அதிகம் விற்ற பாட்டு அதுதான். பாட்டின் பெயர் "பிங்கர்டிப்ஸ்". பையனின் பெயர் லிட்டில் ஸ்டீவி வொண்டர். தனியாகப் பாடி அந்தப் பட்டியலில் முதல் இடம் பிடித்தவர்களில் அவனே மிக இளையவன். அப்போது அவனுக்கு வயது 13.

மறு ஆண்டே அவன் பாட்டுகள் அவ்வளவாக விற்கவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு, இவனை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்று கம்பெனியில் பேச்சு வந்தது.

அங்கே அவன் கதை முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைப் பிள்ளை பெற்றவர்களும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர்களும் கவனிக்க வேண்டும்.

தாயும் மகனும்

ஸ்டீவி 1950 மே 13-ந் தேதி மிச்சிகன் மாநிலத்தில் சாகினா என்ற ஊரில் பிறந்தான். குறை மாதப் பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பிராண வாயு கொடுத்து உயிர் காத்தார்கள். உயிர் நின்றது. பார்வை போயிற்று. பிராண வாயு அளவுக்கு மிஞ்சினால் குறை மாதக் குழந்தையின் விழித்திரையில் உள்ள ரத்தக் குழாய்கள் கெட்டுப்போகும். இதை டாக்டர்கள் தெளிவாகத் தெரிந்துகொண்டது அதற்குப் பிறகுதான்.

தாய் லூலா மே ஹார்ட்வே. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டெட்ராய்ட் நகருக்குப் போனார். அப்போது ஸ்டீவிக்கு 4 வயது. டெட்ராய்ட், மோட்டார் கார் செய்யும் ஊர். வீட்டில் கஷ்ட ஜீவனம்.

பையன் கையில் எது கிடைத்தாலும் தட்டிப் பார்த்தான். ஒரு சின்ன மவுத் ஆர்கன் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறும்போது, தம் பியானோவை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கண் தெரியாத பிள்ளைகளுக்காக நடந்த கிறிஸ்துமஸ் விழாவில் டிரம் கிடைத்தது. இவற்றை யாரும் அவனுக்கு உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. ரேடியோவில் கேட்டதைத் தானே வாசித்துப் பார்த்தான்.

அதே ஊரில் பெர்ரி கோர்டி என்பவர் இருந்தார். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1959-ல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி இசைத்தட்டு கம்பெனி ஆரம்பித்தார். அதுதான் பிறகு உலகப் புகழ் பெற்ற "மோட்டவுன்". ஸ்டீவியின் தட்டுகளில் "டாம்லா" என்ற பெயர் இருக்கும். அதுவும் அதே கம்பெனியின் முத்திரைதான். ஆங்கில எழுத்தில் பார்த்தால் நம் "தமிழ்" போலத் தோன்றும். சம்பந்தம் ஒன்றும் இல்லை! "டாமி" என்று அப்போது பிரபலமாக இருந்த ஒரு பாட்டின் பெயரை வைக்கப் பார்த்தார் கோர்டி. அதை ஏற்கனவே வேறொருவர் வைத்திருந்தார். எனவே கொஞ்சம் மாற்றிக்கொண்டார்.

"மிராக்கிள்ஸ்" பாட்டுக் கோஷ்டியைச் சேர்ந்த ரானி ஒயிட், ஸ்டீவியின் பாட்டைக் கேட்டுவிட்டு, அவனைக் கோர்டியிடம் அழைத்துப் போனார். அது 1961. பையனுக்கு 11 வயது.

ஒப்பந்தம் தயாரானது. பாட்டில் வரும் வருமானம் 21 வயது வரை தனியாக ஒதுக்கி வைக்கப்படும். வாரா வாரம் செலவுக்குப் பணம். பையனின் பங்கு வாரத்துக்கு இரண்டரை டாலர். வெளியூர் போகும்போது படிப்பு கெடாமல் இருக்க, கூடவே ஒரு ஆசிரியர். டெட் ஹல் என்ற அந்த ஆசிரியருக்கும் பார்வை குறைவு.

அன்று சின்னப் பையன்களைப் பாடவைத்துக் காசு பார்த்துவிட்டுக் கைகழுவிய கம்பெனிகள் எத்தனையோ. அவற்றோடு பார்க்கும்போது இந்த ஏற்பாடு மோசம் இல்லை. ஆசிரியரைக் கூட அனுப்பினார்களே, அது ஒன்றுக்காகவே பாராட்ட வேண்டும்.

யாருடைய பாட்டு?

ஆனால் அந்தச் சின்ன வயதுத் தட்டுகளை இன்று வாங்கிக் கேட்டால் ஒன்று தெரியும். அவற்றில் ஸ்டீவியின் உற்சாகம் இருக்கிறது. கை வேகம் இருக்கிறது. அவனுடைய பாட்டு இல்லை.

1962-ல் வந்த ஒரு பெரிய தட்டில் அவன் மவுத் ஆர்கன், டிரம், பியானோ என்று வாசித்துத் தள்ளுகிறான். அதே ஆண்டு வந்த இன்னொரு தட்டு, ரே சார்லஸ் பாடிய பாட்டுகளைத் திருப்பிப் பாடியது. ரே சார்லஸ் அப்போது பெரிய பாடகர். அவருக்கும் பார்வை கிடையாது. அவரைப் போல இவனும் என்று ஜனங்கள் சொல்ல வேண்டும். அதுதான் கம்பெனியின் கணக்கு.

"வொண்டர்" என்றால் அதிசயம். அது தாய் வைத்த பெயர் இல்லை. கம்பெனி வைத்த பெயர். 1963-ல் வந்த தட்டின் பெயர் இன்னும் ஒரு படி மேலே போயிற்று: "12 வயது மேதை".

மேதைக்கு 13 வயது ஆனது. 14 ஆனது. குரல் உடைந்தது.

நம் ஊர் நாடகக் கம்பெனிகளில் இதை "மகரக்கட்டு" என்பார்கள். கணீர் என்று பாடிக்கொண்டிருந்த பையனுக்கு மகரக்கட்டு வந்துவிட்டால், அந்தக் காலத்தில் அவன் வேஷம் போய்விடும். அமெரிக்காவிலும் அதே கதைதான்.

இனி இவனை என்ன செய்வது என்று கம்பெனிக்குத் தெரியவில்லை. பெரியவர்கள் கேட்கும் பழைய காதல் பாட்டுகளைப் பாடச் சொன்னார்கள். பிறகு கடற்கரையில் இளைஞர்கள் ஆடிப்பாடும் சினிமாக்களில் தலைகாட்ட வைத்தார்கள். டெட்ராய்டின் ஏழை வீட்டுப் பையனுக்கும் கலிபோர்னியாக் கடற்கரைக்கும் என்ன சம்பந்தம்? ஜனங்களும் அதைத்தான் நினைத்திருப்பார்கள். பாட்டுகள் பட்டியலில் முன்னே வரவில்லை.

இன்னொரு பையன்

இந்த இடத்தில் பிராங்கி லைமன் என்ற இன்னொரு பையனை நினைக்காமல் இருக்க முடியாது.

அவன் நியூயார்க்கைச் சேர்ந்தவன். 1956-ல், 13 வயதில், அவன் பாடிய ஒரு பாட்டு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கொடிகட்டிப் பறந்தது. பிறகு அவன் குரலும் உடைந்தது. பழைய குரலைத்தான் எல்லோரும் கேட்டார்கள். அது அவனிடம் இல்லை. போதை மருந்துப் பழக்கம் பிடித்துக்கொண்டது. 1968 பிப்ரவரியில் இறந்துபோனான். அப்போது அவனுக்கு வயது 25.

இரண்டு பேரும் கறுப்பினத்துப் பையன்கள். இரண்டு பேரும் 13 வயதில் நாடறிந்தவர்கள். இரண்டு பேருக்கும் குரல் உடைந்தது. ஒருவன் அழிந்தான். இன்னொருவன் வளர்ந்தான். திறமையில் அவ்வளவு வித்தியாசம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அது சுலபமான பதில். ஆனால் ஸ்டீவியின் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டாமா?

ஒரு பெண் கேட்டாள்

சில்வியா மாய் என்ற இளம் பெண் அந்தக் கம்பெனியில் பாட்டு எழுதும் வேலையில் சேர்ந்திருந்தார். அங்கே பாட்டு எழுதவும், ரிகார்டு செய்யவும் அமர்ந்த பெண்களில் அவர் முன்னோடி. ஸ்டீவியை விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தபோது, எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டார்.

அவர் செய்தது பெரிய வித்தை எதுவும் இல்லை. பையனிடம் போய், உன்னிடம் என்னென்ன மெட்டு இருக்கிறதோ எல்லாவற்றையும் வாசித்துக் காட்டு என்றார்.

அதுவரை அவனுக்குப் பாட்டுக் கொடுத்தவர்கள் உண்டு. உன் பாட்டு என்ன என்று இப்படி உட்கார்ந்து கேட்டவர்கள் குறைவு!

அவன் வாசித்தான். கடைசியில் ஒரு சின்னத் துண்டு. இரண்டொரு சொல், அதற்கு ஒரு துள்ளல் தாளம். அவ்வளவுதான் அவனிடம் இருந்தது. அது போதும் என்றார் சில்வியா மாய். ஹென்றி காஸ்பி என்ற வாத்தியக்காரரும் சேர்ந்துகொண்டார். பாட்டு உருவானது.

ரிகார்டு செய்யும் நாள் வந்தது. கண் தெரியாதவர்கள் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தில் பாட்டை எழுதி முடிக்க நேரம் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? சில்வியா மாய் தனியாக ஒரு மைக்கின் முன்னால் நின்றார். ஒவ்வொரு வரியையும் ஒரு வரி முன்னதாக மெதுவாகப் பாடினார். அது ஸ்டீவியின் காதில் மாட்டிய கருவியில் மட்டும் கேட்டது. கேட்ட வரியை அவன் பாடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரி காதுக்கு வரும். ஒன்றைப் பாடிக்கொண்டே இன்னொன்றைக் கேட்க வேண்டும். அவன் தடுமாறவில்லை.

1965 கடைசியில் வந்த அந்தப் பாட்டு "அப்டைட்". பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது. பாடிய குரல் சிறுவன் குரல் அல்ல. வாலிபன் குரல். பாட்டு இயற்றியவர்கள் வரிசையில் அவன் பெயரும் இருந்தது. "லிட்டில்" என்ற அடைமொழி அதற்கு முன்பே உதிர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவன் பாட்டு எழுதுவதை நிறுத்தவில்லை. 1967-ல் வந்த ஒரு பாட்டில் இயற்றியவர்களில் ஒருவராக தாய் லூலா மேயின் பெயரும் இருக்கிறது. அது இரண்டாம் இடம் வரை வந்தது. 17 வயது மகனும் தாயும் சேர்ந்து பாட்டுக் கட்டிய வீடு! 1968-ல் பார்வையற்றோர் பள்ளியில் படிப்பையும் முடித்தான்.

21 வயது

1971 மே 13. ஸ்டீவிக்கு 21 வயது. இனி "அவன்" என்று எழுதுவது முறை இல்லை.

சிறு வயதில் போட்ட ஒப்பந்தத்தை அவர் ரத்து செய்தார். ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் கைக்கு வந்தது சுமார் 10 லட்சம் டாலர். அத்தனை ஆண்டுகள் அத்தனை தட்டுகள் விற்றும் இவ்வளவுதானா என்று கேட்டவர்கள் உண்டு.

அவர் பணத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. நியூயார்க் போனார். ராபர்ட் மார்கோலெப், மால்கம் சிசில் என்ற இருவரைத் தேடிப் பிடித்தார். அவர்களிடம் ஒரு மின்சார வாத்தியம் இருந்தது. பெயர் "டாண்டோ". மேஜை மேல் வைக்கும் சாமான் அல்ல. ஒரு அறையையே அடைத்துக்கொள்ளும் யந்திரம். திருகுகளைத் திருகினால், இதுவரை யாரும் கேட்டிராத சத்தங்கள் அதில் பிறக்கும்.

அங்கே பாட்டு உண்டாகும் முறையே வேறு. டெட்ராய்டில் வாத்தியக்காரர்கள் ஒரே அறையில் கூடி ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். பாடகர் வந்து பாடிவிட்டுப் போவார். இங்கே ஒரு நாடாவில் 16 தனித்தனிப் பாதைகள். முதலில் டிரம்மை வாசித்து ஒரு பாதையில் பதியலாம். அதைக் காதில் கேட்டுக்கொண்டே பியானோவை வாசித்து அடுத்த பாதையில் பதியலாம். பிறகு குரல். ஒரே ஆள் ஒரு கோஷ்டியாக ஆகலாம்.

எல்லா வாத்தியத்தையும் தட்டிப் பார்த்து வளர்ந்த பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்? 1972-ல் வந்த "மியூசிக் ஆப் மை மைண்ட்" தட்டில், ஒரு கித்தாரும் ஒரு டிராம்போனும் தவிர ஏறக்குறைய எல்லா வாத்தியமும் அவர் கைதான். 12 வயதில் மேடையில் வேடிக்கையாகக் காட்டிய திறமை இப்போது வேலைக்கு வந்தது.

மோட்டவுன் கம்பெனியோடு அவர் புது ஒப்பந்தம் போட்டார். 120 பக்கம்! என்ன பாடுவது, எப்படிப் பாடுவது என்பது இனி அவர் முடிவு. பாட்டின் உரிமையிலும் அவருக்குப் பங்கு.

அதே ஆண்டு "டாக்கிங் புக்" வந்தது. தட்டின் உறையில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். உறையின் மேல் புள்ளி எழுத்தில் சில வாக்கியங்கள். கண் உள்ளவர்களுக்குப் புரியாது. கண் இல்லாதவர்கள் தடவிப் படிக்கலாம். அந்தத் தட்டில் இருந்த "சூப்பர்ஸ்டிஷன்" என்ற பாட்டு 1973 ஜனவரியில் முதல் இடத்துக்கு வந்தது. 1963-க்குப் பிறகு முதல் இடத்தில் அவர் பாட்டு நின்றது அப்போதுதான். நடுவில் பத்து வருஷம்.

வெறும் சத்தம் மட்டும் மாறவில்லை. சொல்லும் விஷயமும் மாறியது. 1973 ஆகஸ்டில் வந்த "இன்னர்விஷன்ஸ்" தட்டில் ஒரு பாட்டு. மிசிசிபியில் ஒரு ஏழைக் கறுப்பினக் குடும்பம். அப்பா அம்மா ஓடாய் உழைக்கிறார்கள். பிள்ளை பிழைப்புத் தேடி நியூயார்க் வருகிறான். வந்து இறங்கியவுடன் போலீசில் சிக்குகிறான். ஏழு நிமிஷத்துக்கு மேல் ஓடும் அந்தப் பாட்டின் நடுவில் பஸ் சத்தம், தெருச் சத்தம், சிறைக் கதவு சாத்தும் சத்தம் எல்லாம் வருகின்றன. கடைசியில் அவர் குரலைக் கரகரவென்று மாற்றிப் பாடுகிறார். 12 வயதில் சிரித்துக்கொண்டே போங்கோ தட்டிய அதே ஆள்!

அந்தத் தட்டு வெளிவந்து மூன்று நாள். வட கரோலினாவில் அவர் போன கார் மரம் ஏற்றிய லாரியில் மோதியது. சில நாட்கள் நினைவு திரும்பவில்லை. பிழைத்தார். மறுபடியும் பாட வந்தார்.

ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான கிராமி விருது 1974-ல் அவருக்கு. 1975-லும் அவருக்கு. 1975-ல் அவர் புதிதாகத் தட்டு எதுவும் போடவில்லை. 1976-ல் விருது வாங்கிய பால் சைமன், ஸ்டீவி இந்த வருஷம் தட்டுப் போடாததற்கு நன்றி என்று மேடையில் சொன்னார். சபை சிரித்தது. 1977-ல் மறுபடியும் ஸ்டீவிக்கே விருது.

வெட்ட முடியாது

சின்ன வயதுத் தட்டுகள் வீண் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. ரே சார்லஸைப் பார்த்துப் பாடியது வீண் போகவில்லை. முன்னோரைப் போலப் பாடித்தான் பிள்ளைகள் பாடக் கற்கிறார்கள். கம்பெனியில் நாள் முழுதும் பெரிய வாத்தியக்காரர்களின் காலடியில் கிடந்ததும் வீண் போகவில்லை. தப்பு எங்கே நடந்தது என்றால், பாடக் கற்றுக்கொண்டிருந்த பையனை மேதை என்று அட்டையில் அச்சடித்தார்களே, அங்கேதான். மேதைக்குக் கற்க ஒன்றும் இல்லை. கற்கும் பையனுக்கோ நேரம் வேண்டும். அந்த நேரத்தை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவர் சில்வியா மாய். 2017-ல் அவர் காலமானார்.

1976 செப்டம்பரில் வந்த "சாங்ஸ் இன் த கீ ஆப் லைப்" ஒரு பெரிய தட்டில் அடங்கவில்லை. இரண்டு பெரிய தட்டு, ஒரு சின்னத் தட்டு. மொத்தம் 21 பாட்டு. அதில் ஒரு பாட்டில், தமக்கு முன் வாழ்ந்த டியூக் எலிங்டன் போன்ற இசைப் பெரியவர்களை அவர் நன்றியோடு நினைக்கிறார்.

இன்னொரு பாட்டு மகள் ஆயிஷாவுக்காக. ஆயிஷா 1975-ல் பிறந்தவள். ஒரு பச்சைக் குழந்தையின் அழுகையோடு பாட்டு ஆரம்பிக்கிறது. பிறகு தகப்பனின் சந்தோஷம். பிறகு, நெடுநேரம், மவுத் ஆர்கன். சிகாகோ மேடையில் கேட்ட அதே வாத்தியம்தான். இப்போது அவசரம் இல்லை. யாரும் மேடையை விட்டு அழைத்துப் போகக் காத்திருக்கவில்லை.

பாட்டு ஆறரை நிமிஷம். இதைத் தனியாகச் சின்னத் தட்டில் போட்டால் நன்றாக விற்கும் என்று கம்பெனி நினைத்தது. ஆனால் நீளம் அதிகம். கொஞ்சம் குறைக்க வேண்டும் என்றார்கள்.

ஸ்டீவி சம்மதிக்கவில்லை. அமெரிக்காவில் அந்தப் பாட்டு சின்னத் தட்டாக வரவே இல்லை. பெரிய தட்டை வாங்கியவர்கள் முழுப் பாட்டையும் கேட்டார்கள். கடைசிப் பகுதியில், மவுத் ஆர்கனுக்குப் பின்னால், ஆயிஷாவைக் குளிப்பாட்டும் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது.